பச்சைத் துணி வேலிக்குப் பின்னால்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வெளியூரார் கேலி பேசுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் வேலூர்க்காரர்கள். இல்லாத ஒன்றைக் காட்டி எங்களை ஏமாற்றுவது எளிதல்ல. ஜலகண்டேசுவரர்கூட 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் இருக்கும் தம் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். நான் கோடைதோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பொழுதுபோக்குப் பூங்காவில், "விரைவில்" என்று பலகை வைத்துச் சொன்ன அலைச்சறுக்கு மட்டும் வந்தபாடில்லை.

இந்த மே மாதமும் போனோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் காட்பாடியில் வண்டியை எடுத்து, வாலாஜாபேட்டை டோல்கேட்டைத் தாண்டி, சாலைப் பணிக்காகத் திருப்பிவிடப்பட்ட இடங்களில் எல்லாம் ஊர்ந்து, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். நான்கு பேருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், வரைபடத்தில் வண்ணம் வண்ணமாகத் தெரிந்த ராட்டினங்களில் மூன்று, பராமரிப்பில் இருப்பதாக அட்டை தொங்கவிட்டு மூடப்பட்டிருந்தன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இயந்திரம் என்றால் பழுது பார்க்கத்தான் வேண்டும், பார்க்காமல் ஓட்டினால்தான் ஆபத்து. பூங்காவின் மூன்றில் ஒரு பங்கைப் பச்சைத் துணியால் மறைத்து, அதன்மேல் நீலக் கடலும் சிரிக்கும் குழந்தைகளுமாக ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. துணி கிழிந்திருந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. துருவேறிய ராட்டினக் கை ஒன்று தரையில் கிடந்தது. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகனும் உடன் வந்திருந்தான். அவன் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. ஆனால் டிஸ்னியும் யுனிவர்சலும் போட்டி போட்டுப் பூங்கா நடத்தும் ஆர்லாண்டோவில் எந்த ஏக்கர் யாருடையது என்று தாசில்தாரைவிடத் தெளிவாகச் சொல்வான். "மாமா, டிஸ்னியிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் நிலம் இருக்கிறது, நினைத்தால் இன்னும் எத்தனை பூங்கா வேண்டுமானாலும் கட்டலாம்" என்று அவன் தொடங்கியதும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் யுனிவர்சல் கட்சியில் சேர்ந்துகொண்டாள். யுனிவர்சல் 2025 மே மாதத்தில் எபிக் யுனிவர்ஸ் என்னும் புதிய பூங்காவைத் திறந்தே காட்டிவிட்டது, டிஸ்னியோ நிலத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது என்பது அவள் வாதம். யுனிவர்சல் தன் நிலத்தை விற்றுவிட்டுப் பிறகு அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிய கதையை இவன் சொன்னான். 1976இல் திறந்து 2001இல் மூடிய ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்காவை டிஸ்னி 15 ஆண்டுகளுக்கு மேல் புதர் மண்டவிட்ட கதையை அவள் எடுத்தாள். யுனிவர்சலில் 2018இல் நிறுத்தப்பட்ட சிந்துபாத் சாகசக் காட்சியின் அரங்கம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை இவன் பதிலுக்கு வீசினான்.

எதிராளியின் வீட்டில் எத்தனை அறை பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணுவதில் இவர்களுக்கு என்ன ஆனந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. காலி மனை அதிகம் உள்ளவன் பெரியவன் என்றால், எங்கள் பாலாற்று மணல்வெளியைவிடப் பெரிய பூங்கா உலகத்தில் உண்டா?

இவர்கள் எந்தக் கட்சியும் ஒப்புக்கொள்ளாத சங்கதி ஒன்று உண்டு. கட்டாமல் விட்ட திட்டத்துக்கும் வசூல் நடக்கிறது. 1998இல் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்கா திறந்தபோது, கற்பனை விலங்குகளுக்கென்று பீஸ்ட்லி கிங்டம் என்னும் பகுதி வரப்போவதாகச் சொன்னார்கள். பூங்காவின் சின்னத்திலேயே டிராகன் ஒன்றை வரைந்தும் வைத்தார்கள். அந்தப் பகுதி கடைசிவரை வரவில்லை. அதற்காக ஒதுக்கிய இடத்தில் 2017இல் 'அவதார்' படத்தின் பண்டோரா எழும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சின்னத்தில் டிராகனைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து தேடிய குழந்தைகளுக்கு யாராவது டிக்கெட்டில் தள்ளுபடி கொடுத்தார்களா?

எல்லாக் கைவிடலையும் நான் திட்டவில்லை. வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க்களத்துக்கு அருகே டிஸ்னி அறிவித்த அமெரிக்க வரலாற்றுப் பூங்காவை, வரலாற்றாசிரியர்களும் ஊர்க்காரர்களும் எதிர்த்ததால் 1994இல் கைவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள். எங்கள் கோட்டை வாசலில் 1806 சிப்பாய்ப் புரட்சியை ராட்டினமாக்கினால் நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? ஹாங்காங்கில் டிஸ்னிலேண்டின் இரண்டாம் கட்டத்துக்கென்று வைத்திருந்த 60 ஹெக்டேருக்கான உரிமையை, 2020இல் அந்த அரசு நீட்டிக்க மறுத்தது; அதே ஆண்டில் அங்கே கொரோனா தனிமை முகாமும் அமைத்தது. காத்திருப்புக்கு அங்கே ஒரு கெடுவாவது இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக் காத்திருப்பு வேறு வகை. கொச்சியில் 2000இலும், பெங்களூரில் 2005இலும், ஐதராபாத்தில் 2016இலும் பூங்கா திறந்த வொண்டர்லா நிறுவனம், சென்னைக்கு அருகே இள்ளலூரில் 60 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தும் பல ஆண்டுகள் கட்டாமல் நின்றது. 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2018இல் 18 ஆகக் குறைந்த பிறகும், அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று ஒன்று குறுக்கே நின்றதுதான் காரணம். அரசு சலுகை கொடுத்து, கட்டி முடித்து, 2025 டிசம்பரில் திறந்தார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வரிக் கணக்கு ஒத்துவராத வரைக்கும் கட்டவில்லை, கட்டாத நிலத்துக்கு யாரிடமும் நுழைவுக் கட்டணமும் வாங்கவில்லை. முதலாளி தன் காசில் வாங்கிய மனையைச் சும்மா போட்டு வைப்பது அவர் பாடு. அதே மனையைச் சுற்றித் துணி கட்டி, நாளை வரப்போவதைக் காட்டி இன்றைய டிக்கெட்டை ஏற்றி விற்கும்போதுதான் அது என் பாடாகிறது. போன ஆண்டைவிடக் கட்டணம் ஏன் கூடியது என்று கவுண்டரில் கேட்டதற்கு, "விரிவாக்கம் நடக்கிறது சார்" என்று அந்தப் பெண் கூசாமல் சொன்னார். விரிவாக்கத்தில் ஈடுபட்டிருந்தவை அந்த இரண்டு ஆடுகள்தான்.

வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "அடுத்த சம்மருக்கு வந்துடும் சார்" என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அவர்தான் அங்கே இருந்தார்; அப்போதும் அதையேதான் சொன்னார். அவரைக் கோபித்து என்ன பயன் என்று நான் விலகுவதற்குள், என் மகள் பலகையில் ஆண்டு எழுதியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கியிருந்தாள். ஆண்டு மட்டும் தனி ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தது. அதை உரித்தால் உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், அதில் 2024. அதையும் உரித்தால் 2022.

"பாப்பா, அதையெல்லாம் தொடக் கூடாது" என்று காவலாளி எழுந்து வந்து, உரிந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.