சூரியன் போன பிறகும் ஏரிக்கரையில் இருங்கள்

வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு எட்டு நிமிட நடை. குடிவந்த முதல் நான்கு வருடத்தில் அங்கே நான் போனது ஐந்தாறு தடவை இருந்தால் அதிகம். அதே நான்கு வருடத்தில், அஸ்தமனம் பார்ப்பதற்கென்றே விடுப்பு எடுத்து, நாள் முழுக்கப் பயணம் செய்து, முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கும் தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கும் நடுவே சூரியனைத் தேடியிருக்கிறேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பது ஏரிக்கும் சேர்த்துச் சொன்னதுதான் போலிருக்கிறது.

இப்போது வாரத்தில் நான்கு நாளாவது போய்விடுகிறேன். சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்துசேர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. நான் வாசலைப் பூட்டும் நேரத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சமும் நானும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் கரைக்கு வந்து சேர்கிறோம் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் உதவாத கணக்குதான். ஆனால் அதற்கப்புறம் அந்த நடை அலுக்கவில்லை.

சரி, சொல்ல வந்த விஷயம் வேறு. கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சூரியன் மறைந்த மறுநிமிடம் எழுந்துவிடுகிறார்கள். மணல் தட்டுவது, குழந்தைகளைக் கூப்பிடுவது, வண்டிச் சாவியைத் தேடுவது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர், "என்ன தம்பி, படம் முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டீங்களா? இப்பதானே இடைவேளை" என்றார். மரியாதைக்காகத் திரும்ப உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுந்து வர முக்கால் மணி நேரம் ஆனது.

சூரிய வட்டம் அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுசாக மறைய, இடத்தையும் பருவத்தையும் பொறுத்து இரண்டு முதல் நான்கைந்து நிமிடம்தான். அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் அடிவானத்தில் இருக்கும் எதுவும் ஏறத்தாழ அரை டிகிரி உயரத் தெரியும். சூரியனின் அகலமும் அதே அரை டிகிரிதான். ஆகவே திறந்த அடிவானத்தில் சூரியனின் கீழ் விளிம்பு தொடுவதாக நாம் பார்க்கும் அந்த நொடியில், அசல் சூரியன் ஏற்கெனவே கீழே போயாகிவிட்டது. (நம்முடைய ஏரிகளில் எதிர்க்கரை மரங்கள் அதற்கு முன்பே மறைத்துவிடும் என்பது வேறு விஷயம்.) அதாவது, கூட்டம் கூடிப் படம் எடுப்பது போய்விட்ட ஒன்றின் பிம்பத்தை.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

முதலில் காற்று அடங்கும். பகலில் சூடான தரை காற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். வெயில் தாழ்ந்ததும் தரை குளிர, கீழ்க்காற்று மேல்காற்றோடு கலப்பது நின்றுபோகும். பல நாட்களில் கண் முன்னாலேயே ஏரி கண்ணாடியாகும். காலடியில் இருக்கும் தண்ணீரை நேர்க்குத்தாகப் பார்த்தால் அது தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்க்கும்போது அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போய், எதிர்க்கரையோரம் முழுக்க வானமாகவே ஆகிவிடுகிறது. ஆக ஏரிக்கரையில் நமக்குக் கிடைப்பது இரண்டு வானம். மலை உச்சியிலோ மொட்டை மாடியிலோ கிடைப்பது ஒன்றுதான்.

அப்புறம் நிறம். அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சி வெயிலைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலமெல்லாம் சிதறிப்போய் மிஞ்சுவதுதான் அந்தச் சிவப்பு. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் சூரியன் நமக்கு மறைந்த பிறகும் உயரத்து மேகங்களுக்கு அது மறையவில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல கிலோமீட்டர் மேலே மிதக்கும் பஞ்சு இழை மேகங்களின் வயிற்றில் வெளிச்சம் கீழிருந்து படும். முதலில் பொன், பிறகு ஆரஞ்சு, கடைசியில் கன்றிய ரோஜா நிறம். இதெல்லாம் கூட்டம் கிளம்பிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து நடக்கிற காரியம்.

காற்று அழுக்காக இருந்தால்தான் அஸ்தமனம் அழகாக இருக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழ்க்காற்றில் புகையும் தூசியும் நிறைந்த நாளில் சூரியன் சிவப்பாக இருக்கலாம். வானம் சாயம்போன துணிபோலத்தான் இருக்கும். நல்ல மழை பெய்து கழுவிவிட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். எரிமலைத் தூசி வேறு கணக்கு, அது மிக உயரத்தில் தங்குவது. 1883இல் கிரகடோவா வெடித்த பிறகு மாதக்கணக்கில் உலகத்தின் பல மூலைகளில் அந்திவானம் பற்றி எரிந்ததுபோல் இருந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

இந்த நேரத்தில் ஒரே ஒரு தடவையாவது ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கு அடிவானத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை எழும். அதற்கு மேலே மங்கிய ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. அந்த நீலப் பட்டை மேகமோ பனிமூட்டமோ இல்லை, காற்றின் மேல் விழும் பூமியின் நிழல். நாம் நிற்கும் உருண்டையின் நிழல்! பெரியவர் காட்டித்தரும் வரை, நாற்பது வயதுக்குமேல் ஆன நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கண்ணில் பட்டிருக்கும், பார்த்ததில்லை.

இன்னும் கொஞ்சம் இருட்டினால் கரையோரச் செடிகளில் சிவப்புப் பூக்கள் முதலில் கருத்துப்போகும், இலைகளின் பச்சை சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். மங்கிய வெளிச்சத்துக்கான கண் செல்களுக்குச் சிவப்பு எட்டுவதில்லை என்பதுதான் காரணம். இதைக் கவனித்துச் சொன்ன 19ஆம் நூற்றாண்டு செக் விஞ்ஞானி புர்க்கின்யேவின் பெயரில்தான் இன்றும் அது வழங்குகிறது.

நம் இலக்கணத்தில் பொழுது சாயும் நேரத்துக்கு எற்பாடு என்றும், அதற்கு அடுத்ததற்கு மாலை என்றும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. முன்னது நெய்தலுக்கு, பின்னது முல்லைக்கு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது, இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர் என்று எரிச்சல்பட்டவன் நான். இப்போது புரிகிறது.

படம் எடுப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் செல்போன் கேமரா அந்தச் செம்மையைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கிறது. இருட்டைப் பகல்போலத் தூக்கிவிடுகிறது. வீட்டில் வந்து பார்த்தால் நான் நின்ற ஏரி அதில் இல்லை. இரண்டு படம் எடுத்துப் பைக்குள் போட்டுவிடுவது என் வழக்கம்.

என் உண்மையான கோபம் விளக்குகள் மேல். எங்கள் நடைபாதையில் வரிசையாக வெள்ளை விளக்குக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். சூரியன் மறையக் காத்திருந்ததுபோல எல்லாம் ஒரே நொடியில் எரிகின்றன. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அதைக் கெடுக்க ஒரு விளக்கு போதும். வெளிச்சமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்களும் வயதானவர்களும் பயமில்லாமல் நடக்க வெளிச்சம் வேண்டும். அது கால் வைக்கும் இடத்தில் விழட்டும், முழங்கால் உயரத்தில், மேலே மூடியோடு. தண்ணீருக்கும் மரத்தில் அடையும் பறவைகளுக்கும் எதற்கு விளக்கு? நான் இதை எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை.

தினமும் ஒரே இடமா, சலிக்காதா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் நின்றால்தானே நகர்வது தெரியும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் மறையும் இடம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய தன் அகலத்தில் முக்கால் பங்கு நகர்கிறது. எதிர்க்கரையில் ஒற்றையாக நிற்கும் மரத்தைக் குறியாக வைத்திருக்கிறேன். போன மாதம் அதற்கு இடப்பக்கம், இப்போது வலப்பக்கம். சுற்றுலா போய் ஒரு மாலை நிற்கிறவருக்கு இது கிடைக்காது. தண்ணீரில் சூரியனிலிருந்து நம் கால்வரை நீளும் அந்தத் தங்கப் பாதையும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது அவருக்கான பாதையை. பெரியவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஏரி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று மதியத்திலிருந்து மேகம் மூடியே கிடக்கிறது. ஆனால் இதை எழுதும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன், மேற்கில் அடிவானத்தை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மேகம் விலகியிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே வந்தால் மொத்த மேகக்கூரையும் கீழிருந்து பற்றிக்கொள்ளும். மணி ஆகிவிட்டது. செருப்பு எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை.