பணவீக்கத்தின் மேல் பழி போட முடியாது
பாலம், ரயில் பாதை போன்ற கட்டுமானத் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைத் தாண்டி எகிறுவதற்குப் பொறியாளர்களின் அதீத நம்பிக்கைதான் காரணம், பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளுவ்பியர்க்கின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 258 போக்குவரத்துத் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. ரயில் திட்டங்களில் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45% கூடுதல். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் விலைவாசி ஏற்றத்தைக் கைகாட்டுகிறார். ஆனால் இந்த ஆய்வின் எண்களே பணவீக்கத்தைக் கழித்த பிறகு வந்தவை. நான் சில வருடங்கள் மதிப்பீடு தயாரிக்கும் வேலையில் இருந்தவன். ஒரு பாலத்துக்கு எதிர்பாராச் செலவு என்று 15% போட்டுக் கொடுத்தேன். மண் பரிசோதனைக்கு இரு கரையிலும் ஒவ்வொரு துளைதான் போட்டிருந்தார்கள். நடு ஆற்றில் பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ‘இவ்வளவு வைத்தால் ஃபைல் நகராது’ என்று மேலதிகாரி அதை 5 ஆக்கினார். கூடவே, பாலத்தின் பயன் பெரிதாகத் தெரியட்டும் என்று, நாளொன்றுக்கு எத்தனை வண்டி போகும் என்ற எண்ணையும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். அவருக்கு ஒன்றும் நம்பிக்கை பொங்கி வழியவில்லை, தெரிந்தேதான் செய்தார். (அடித்தளம் தோண்டும்போது என்ன ஆனது என்று சொல்லவா வேண்டும்!) பிரிட்டிஷ் நிதி அமைச்சகத்தின் வழிகாட்டுதல், பழைய திட்டங்களின் அனுபவத்தை வைத்து, வழக்கமான சிவில் பணிகளுக்கு ஆரம்பக் கட்டத்தில் மதிப்பீட்டோடு 44% வரை கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேலே 44 ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அடிமதிப்பை அதற்கேற்ப இறக்கி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?