வளையும் கம்பியைக் குறை சொல்லாதீர்கள்

"வளையாத கம்பிதான் உறுதியான கம்பி" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு சார். வீடு கட்டப் போகிறவர்கள் நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

கான்கிரீட்டுக்குள் வைக்கும் எஃப்இ 500 என்ற தர இரும்புக் கம்பி, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் தகைவு (பரப்பளவுக்கு ஏற்ற இழுவிசை) வரை மீள்தன்மையோடு இருக்கும். அப்போது ஒரு மீட்டர் கம்பி நீள்வது ஏறத்தாழ 2.5 மி.மீ.தான். பாரத்தை எடுத்தால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். எல்லை தாண்டினால் திரும்பாது, ஆனால் உடனே அறுந்தும் போகாது. அறுவதற்குள் குறைந்தது 12 விழுக்காடு நீள வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அந்த நீட்சிதான் முன்கூட்டியே விரிசல் காட்டி, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியேற நேரம் தருகிறது.

கல்லுக்கு அந்தக் குணம் இல்லை. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் சட்டென்று பிளக்கும். மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்களும் நெருக்கமாக நிற்பது அழகுக்கு மட்டுமா? இடைவெளி கூடினால் மேலே கிடக்கும் கல்லின் அடிப்பக்கம் இழுபட்டு விரிந்துவிடும். நாயக்கர் மகாலில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வளைவாக ஏற்றி அந்த இழுவிசையையே தவிர்த்திருக்கிறார்கள்.

கான்கிரீட்டும் கல்லின் சாதிதான், அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறார்கள். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுப் பால்கனி இரண்டே வருடத்தில் சுவரோரம் மேல்பக்கமாக விரிந்தது. கொத்திப் பார்த்தால் கம்பி அடியில் கிடக்கிறது! நீட்டிக்கொண்டு நிற்கும் பலகையில் இழுவிசை மேலேதான், கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கலவை போடும்போது ஆட்கள் மிதித்து இறக்கிவிட்டார்கள். அம்மா தினமும் வற்றல் காயப்போட்ட இடம், இன்றும் நினைத்தால் பதறுகிறது.

அடுத்த பகுதியில் இதைப் படம் போட்டு விளக்குங்கள் சார்.