போளியும் பால்பாயசமும் ஒரு வீடியோவும்

அந்தக் கல்யாணப் பந்தி வீடியோவை எல்லாரும் பாத்திருப்பிய. போளியில பால்பாயசம் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்ட அக்காவைத் தெரியாம எடுத்து, "டயட்டாம்"னு எழுதிப் போட்டிருக்கு. கீழ ஒரு ஜிம் மாஸ்டரோட உபதேசம்: "மனக்கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு எடை குறையாது."

மாஸ்டர், பசி மனசுல மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்ல. எடை குறையக் குறைய பசியைக் கிளப்புற கிரெலின்ங்கிற ஹார்மோன் கூடும், பசியை அடக்குற லெப்டின்ங்கிற ஹார்மோன் குறையும். 2011ல மெல்போர்ன்காரங்க வெளியிட்ட ஆய்வுல, 10 வாரம் கடும் டயட் இருந்து எடை குறைச்சவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் பசி அடங்கல. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல நடந்த ஆய்வுல 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சாங்க. நாள் பூரா சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகத்தை வாசிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்களுக்கும் மனக்கட்டுப்பாடு இல்லியோ?

பசியை அடக்கப் பாக்காதீங்க, அதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணுங்க. ஒரு குழல் புட்டும் மட்டிப்பழமும் தின்னா 11 மணிக்கே வயிறு கத்தும், அதுல புரதம் ரொம்பக் கம்மி. புட்டைப் பாதியாக்குங்க. அவிச்ச சிறுபயறு 200 கிராம், ஒரு முட்டை சேருங்க, சுமார் 20 கிராம் புரதம் ஆச்சு. மதியம் வரை தாங்கும். மரச்சீனியை, அதான் மரவள்ளிக் கிழங்கை, விடவே வேண்டாம். 100 கிராமுக்கு 160 கலோரி, புரதம் ஒண்ணரை கிராம்கூட இல்ல, அதான் அதை மட்டும் தின்னா நிக்காது. 150 கிராம் கிழங்கு, கூட நாலு சாளை மீன். குழம்புல தேங்காயைக் குறைங்க, 100 கிராம் தேங்காயில 350 கலோரி இருக்கு.

எங்க மைனி மதியம் வெறும் வெள்ளரிக்காயோட நிறுத்திருவா. ராத்திரி 10 மணிக்கு அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டே, மிச்சக் கிழங்கை மீன்சட்டியில தொட்டுத் தொட்டு தின்னுவா. ஆசை இல்ல அது, பகல் பட்டினி. மதியம் ஒழுங்காச் சாப்பிட்டு, 4 மணிக்கு அவிச்ச கடலையும் மோரும் எடுத்ததும் அந்தப் பழக்கம் தானா விட்டுது.

பசியா ஆசையான்னு தெரியலியா? "அவிச்ச பயறு தந்தா திம்பேனா?"ன்னு கேளுங்க. திம்பேன்னா பசி, சாப்பிடுங்க. நேந்திரங்காய் சிப்ஸ்தான் வேணும்னா ஆசை. ஒரு 20 நிமிஷம் வேற வேலை பாத்தா பெரும்பாலும் தணிஞ்சிரும். தணியலைன்னா தட்டுல கொஞ்சம் போட்டு, பாக்கெட்டைக் கட்டி உள்ள வைங்க. பாக்கெட்டோட உக்காந்தா கணக்குத் தப்பும்.

"அப்போ கண்டதையும் தின்னலாமா?"ன்னு வருவிய. யாரு சொன்னா? "எங்க பாட்டியெல்லாம் டயட்டா இருந்தா?" உங்க பாட்டி அம்மியில அரைச்சா, நீங்க மிக்ஸி பட்டனை அமுக்குறிய. ஒரே ஒரு நியாயமான கேள்வி சுகர்காரங்களோடது: "நாங்களும் இப்படி மாத்தலாமா?" இன்சுலின், சில மாத்திரை எடுக்கவங்க வேளையைத் தவிர்த்தா சர்க்கரை தாழ்ந்திரும், டாக்டரைக் கேக்காம எதையும் மாத்தாதீங்க.

வீடியோவை நிறுத்தி அந்த அக்கா இலையைப் பாருங்க. சோறு ரெண்டு கரண்டிகூட இல்ல, அவியலும் தோரனும்னு காய்தான் நிறைய. போளிக்கு இடம் விட்டுத்தான் உக்காந்திருக்கா. டயட்னா இதுதான் மாஸ்டர்! பக்கத்து இலையில மூணு தடவை சோறு வாங்கின அண்ணாச்சியை யாரும் எடுக்கல. அவருக்கும் தொந்தி இருக்கு. ஆம்பிளைத் தொந்தி செழிப்பு, பொம்பிளை தின்னா வீடியோ, இல்லியா? வீட்டுல எல்லாருக்கும் கிழங்கு அவிச்சு, மீன் பொரிச்சு, அந்த வாசத்துலயே நாள் பூரா நிக்கவளுக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லியாம்.