10 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால் நேர்மையா?

ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அம்மா, எத்தனை விழுக்காடு காட்டுகிறது?” வாதம் நிற்கிறதா, இரண்டாம் இயலில் சொன்னது நான்காம் இயலோடு மோதுகிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் தரும் எண் 10-க்குக் கீழே இறங்கிவிட்டால் முகத்தில் நிம்மதி வந்துவிடுகிறது. 14 என்றால் கலக்கம், உடனே எந்த வரியில் எந்தச் சொல்லை மாற்றலாம் என்ற தேடல். இதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது. கோபமும் வருகிறது. அந்தக் கோபம் மாணவர்கள்மேல் இல்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருத்துத் திருட்டைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-இலிருந்து 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-இலிருந்து 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. முறையாக மூலம் காட்டிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நான் சந்திக்கும் மாணவர்களில் பலருக்கு இந்தக் கடைசி வரி தெரிவதில்லை. நேர்மையாக மேற்கோள் குறியிட்டு, மூலத்தைச் சுட்டும் சான்றெண் கொடுத்து எழுதிய பகுதியைக்கூட ‘விழுக்காடு ஏறிவிடும்’ என்று பயந்து சொற்களை மாற்றிச் சிதைத்துவிடுகிறார்கள். திருட்டைத் தடுக்க வந்த விதி, நேர்மையான மேற்கோளை அழிக்கும் காரணமாகிவிட்டது.

அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் சொற்றொடர்கள் 14 சொற்கள் வரை தொடர்ந்து வந்தால் அவற்றையும் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் 14 சொற்கள் ஒரு நடுத்தர வாக்கியம். தமிழில்? ஒரு குறளுக்கு ஏழு சீர். 14 என்பது இரண்டு குறள்களின் நீளம். வேற்றுமை உருபும் கால இடைநிலையும் விகுதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் மொழியில், 14 சொற்களுக்குள் ஒருவருடைய முழு வாதத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மென்பொருளோ தொடர்ந்து வரும் சொற்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ‘ஆற்றை’ என்பதை ‘ஆற்றினை’ என்று மாற்றினாலே சங்கிலி அறுந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தமிழில் நல்ல ஆய்வு நூல்களில் பெரும்பகுதி அச்சில் மட்டுமே இருக்கிறது. இணையத்துக்கு வந்தவற்றிலும் பல, பக்கங்களைப் படமெடுத்துப் போட்ட கோப்புகள். இன்னும் சில, ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கம் மென்பொருளுக்கு வெறும் குறிகளின் குவியல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்கா களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆக, நூலகத்தின் பழைய அடுக்கிலிருந்து ஒரு நூலை எடுத்து இயல் இயலாகப் படியெடுத்தவருக்கு ஒப்புமை பூச்சியத்தை ஒட்டி வரலாம். புறநானூற்றுப் பாடல்களைப் பெயர், எண் சொல்லி முழுமையாகக் காட்டி ஆராய்ந்தவருக்கு, மேற்கோள்களை விலக்காமல் கணக்கிட்டால் 20 வரலாம். இந்த எண்ணை வைத்து யாருடைய நேர்மையை அளக்கப் போகிறோம்?

நான் மென்பொருளே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டி ஒட்டிய பகுதியை அது காட்டிக்கொடுக்கிறது, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இந்த மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதினால் முழு மதிப்பெண். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் ‘விடைக்குறிப்பில் இல்லை’ என்று அரை மதிப்பெண் போய்விடும். கட்டுரை என்றால் முன்னுரை, குறிப்புச் சட்டகம், முடிவுரை, அதுவும் உரைநூலில் அச்சடித்துத் தந்தபடி. ‘அறிஞர் ஒருவர் கூறியுள்ளார்’ என்று எழுதினால் எந்த அறிஞர் என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. பிறகு கல்லூரி. நாங்கள் வகுப்பில் குறிப்புச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பை எந்த நூலிலிருந்து எடுத்தோம் என்று எங்களில் எத்தனை பேர் சொல்கிறோம்? அப்படி வளர்ந்த பிள்ளை முதுகலைக்கு வந்ததும், அதுவரை பாராட்டுப் பெற்றுத்தந்த அதே செயலுக்கு ‘திருட்டு’ என்று பெயர் சூட்டுகிறோம். இடையில் யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கையில் கிடைத்த ஒரே வழி, சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவது. அதையும் செய்ய முடியாதவர்களுக்கு, ‘விழுக்காடு குறைத்துத் தருகிறோம்’ என்று பணம் வாங்கிக்கொண்டு செய்துதரத் தயாராக இருப்பவர்களும் வந்துவிட்டார்கள்.

சொல்லை மாற்றுவதும் தன் சொற்களில் எழுதுவதும் முற்றிலும் வேறு வேலைகள். வகுப்பில் இதைக் காட்டுவதற்காகவே ஒரு சிறு பத்தி எழுதி வைத்திருக்கிறேன்:

“பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகைப் படுகைக்கு வந்தது. வானத்தை நம்பியிருந்த உழவர் வாய்க்காலை நம்பத் தொடங்கினார்.”

இதைத் தன் சொற்களில் எழுதச் சொன்னால் முதல் முறை வருவது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: “பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டு நிர்மாணிக்கப்பட்டு நிறைவுற்றது. மேற்குத் திசையில் பாய்ந்து சமுத்திரத்தில் சேர்ந்த நதியின் தண்ணீர், குன்றைத் துளைத்த பாதையின் ஊடாகக் கிழக்குத் திசைக்கு மாறி வைகைப் பகுதியை அடைந்தது. ஆகாயத்தை நம்பியிருந்த விவசாயி கால்வாயை நம்ப ஆரம்பித்தார்.” மென்பொருள் இதற்குப் பச்சை விளக்குக் காட்டும். ஆனால் வாக்கியங்களின் வரிசை, அமைப்பு, சிந்தனை எல்லாம் மூலத்தினுடையவை. தமிழும் கெட்டுப்போயிற்று. அடியில் சான்றெண் போட்டாலும் இது முறையாகாது, ஏனென்றால் வாசகர் இதை மாணவருடைய எழுத்து என்றே நினைப்பார்.

அடுத்து அந்தத் தாளை மூடி வைக்கச் சொல்கிறேன். “இந்தப் பத்தி என்ன சொல்கிறது? இதைப் படிக்காத தோழிக்குச் சொல்லுங்கள்.” சிறிது நேரம் திணறுவார்கள். அந்தத் திணறல்தான் வேலை நடக்கும் இடம். பிறகு வருவதைப் பாருங்கள்: “வைகைப் பாசனம் 1895-க்குப் பிறகு மழையை மட்டும் சார்ந்து நிற்கவில்லை. பெரியாற்றைத் திருப்பியதால் பயிர்செய்பவரின் நம்பிக்கையே இடம் மாறிவிட்டது என்கிறார் நூலாசிரியர். அவர் சொற்களில், உழவர் ‘வாய்க்காலை நம்பத் தொடங்கினார்.’” பக்க எண்ணோடு சான்றெண். இதில் அணை முடிந்த ஆண்டுக்குத் தனியாகச் சான்று தேவையில்லை, எல்லாருக்கும் பொதுவான செய்தி அது. நம்பிக்கை இடம் மாறியது என்பது அந்த ஆசிரியரின் பார்வை, அதற்கு அவர் பெயர் வேண்டும். ‘வாய்க்காலை நம்பத் தொடங்கினார்’ என்ற தொடர் அவர் செதுக்கியது, அதற்கு மேற்கோள் குறியும் வேண்டும்.

ஒரு வகுப்பில் இந்தப் பயிற்சியை எழுதி முடித்த மாணவி ஒருவர் கேட்டார்: “அம்மா, கடைமடையில் இருப்பவர்களுக்கு இது பொருந்துமா? எங்கள் ஊருக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேர்வதே அரிது.” எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூலத்தைப் புரிந்துகொண்டு, அது யாருடைய கருத்து என்று பிரித்து வைத்ததால்தான் அவரால் அதை மறுக்க முடிந்தது. சமுத்திரம், ஆகாயம் என்று சொல் மாற்றிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. அவருடைய ஆய்வு அந்தக் கேள்வியில் இருக்கிறது.

‘இதெல்லாம் மேலைநாட்டு முறை, நம் மரபில் ஏது சான்றெண்’ என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். தமிழ் படித்தவர்களே சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது. தொல்காப்பியர் பக்கத்துக்குப் பக்கம் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று முன்னோரைச் சுட்டுகிறார். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் ‘பிறன்கோள் கூறல்’ ஒன்று. பிறருடைய கொள்கையைப் பிறருடையது என்றே சொல்லுதல், அதுவும் நூல் செய்யும் முறைகளில் ஒன்றாக. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று கையில் இருக்கும் பாடல்கள், புறத்திரட்டுத் தொகுப்பிலும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய இடங்களிலும் தங்கிவிட்டவை. யாரோ ஒருவர் மேற்கோள் காட்டியதால் பிழைத்த பாடல்கள் அவை.

பெயர் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் முனைந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் சொல்லி எடுத்துக்காட்டிய வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் எவ்வளவு அலைந்தார்! பின்னர் சங்க நூல்களின் ஏடுகளைப் புரட்டியபோது அவற்றில் பல அங்கே இருந்தன. தேடியவர் சாமிநாதையர் என்பதால் கிடைத்தன. யாப்பருங்கல விருத்தி என்ற யாப்பிலக்கண உரையில் எடுத்துக்காட்டாக வரும் பாடல்களில் எந்த நூலுக்கு உரியவை என்று இன்றுவரை தெரியாதவை பல இருக்கின்றன. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், எந்த ஏட்டை யாரிடமிருந்து பெற்றார் என்று ஊர், பெயரோடு எழுதி வைத்தார். ஓர் ஓலைச்சுவடியைத் தந்தவரின் பெயரைக்கூட விட்டுவிடாத மரபு நமக்கு இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு சொல். ‘குறுந்தொகை, பா. 40’ என்று எழுதினால் போதாது, எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபடுகிறது, சில இடங்களில் ஒரு சொல்லின் வேறுபாட்டில் பொருளே மாறும். அதோடு, ஒருவர் நூலில் மேற்கோளாகக் கண்ட வரியை மூல நூலையே படித்தது போலக் காட்டாதீர்கள். ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதுவதில் எந்த இழிவும் இல்லை. ஒருவர் தவறாகத் தந்த பக்க எண், யாரும் மூலத்தைத் திறக்காததால் ஆய்வேடு ஆய்வேடாகப் பயணம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

சான்று காட்டாமல் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அன்னெட் ஷவானின் கதையைப் படிக்க வேண்டும். மனசாட்சியைப் பற்றி அவர் 1980-இல் கொடுத்த ஆய்வேட்டில், பிறர் நூல்களிலிருந்து எடுத்தவற்றை முறையாகச் சுட்டவில்லை என்று கூறி டுஸல்டார்ஃப் பல்கலைக்கழகம் 2013-இல் அவருடைய முனைவர் பட்டத்தைப் பறித்தது. அவர் பதவி விலகினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு!

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இன்னொரு கேடு சேர்ந்திருக்கிறது. ஒப்புமையே காட்டாத பத்திகளை அது எழுதித் தருகிறது. கேட்டால் துணைநூற்பட்டியலும் தருகிறது, அதில் உலகத்தில் இல்லாத நூல்களும் இருக்கும். உண்மையான ஆசிரியர் பெயர், அவர் எழுதாத நூல், ஒரு பதிப்பகம், ஒரு பக்க எண். இதை எந்த விழுக்காடும் பிடிக்காது. நூலைத் திறந்து பார்க்கும் நெறியாளர் மட்டுமே பிடிக்க முடியும்.

அதனால் சக ஆசிரியர்களிடம், குறிப்பாக நெறியாளர்களிடம் கேட்கிறேன். இளங்கலை முதலாண்டிலேயே இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஆய்வேட்டின் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். வகுப்பில் தரும் குறிப்பின் அடியில், அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிக் காட்டுங்கள். ஒவ்வோர் இயல் கைக்கு வரும்போதும் ஏதாவது மூன்று சான்றெண்களைத் தேர்ந்தெடுத்து, அந்த நூல்களோடு மாணவரை வரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். நூல் நூலகத்தில் இல்லை என்றால், எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். விழுக்காட்டு அறிக்கையை அதற்குப் பிறகு புரட்டிக்கொள்ளலாம்.