என் பெயர் முத்துவேல் இல்லை

ஜெர்மனிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. குளிர், ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பு, குப்பையை நாலு தொட்டியில் பிரித்துப் போடுவது, இதெல்லாம் முதல் மாதத்திலேயே பழகிவிட்டது, யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் இந்தப் பெயர் விவகாரம் மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இன்று காலையும் ஒரு மின்னஞ்சல், 'அன்புள்ள திரு. முத்துவேல்' என்று ஆரம்பித்து. நான் திருவும் இல்லை, முத்துவேலும் இல்லை. முத்துவேல் என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. நான் கயல்விழி.

வந்த மூன்றாவது வாரம், காய்ச்சல் விடாமல் அடித்ததால் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். காத்திருக்கும் அறையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர், யாரும் யாரோடும் பேசவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கதவைத் திறந்து 'ஃப்ராவ் மூட்டுஃபெல்' என்றார், ஃப்ராவ் என்றால் திருமதி. யாரும் எழவில்லை. போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி 'மூட்டுஃபெல்'. யாரோ பாவம் வெளியே போயிருக்கிறார் போல என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் மருந்துச் சீட்டோடு வெளியே வந்துவிட்டார்கள். எழுந்து போய்க் கேட்டால், மூன்று முறை கூப்பிட்டோம், நீங்கள் வரவில்லை, இனி நாளைக்குத்தான் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறார்கள். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்கள், பெரிய எழுத்தில் முத்துவேல் என்று இருக்கிறது. இங்கே 'வி' எழுத்தைப் பல சொற்களில் 'எஃப்' மாதிரி உச்சரிப்பார்களாம், அதனால் அப்பா மூட்டுஃபெல் ஆகிவிட்டார்.

காய்ச்சலோடு வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பாட்டியும் பெரியப்பாவும் மட்டும்தான். அம்மா கடைசி வரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, யாராவது கேட்டால் என் பக்கம் திரும்பி 'நீ சொல்லுடி' என்பாள். அந்தப் பெயரை இப்போது யார் யாரோ உடைத்து உடைத்து, என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் 'ஹலோ முத்துவேல், அந்தக் கோப்பை இன்னும் ஏன் அனுப்பவில்லை' என்று எழுதுகிறார். அப்பாவை யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. இதை எந்த மனிதவளத் துறையிடம் போய் விளக்குவது?

அடுத்தது தபால் பெட்டி. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. கீழே அழைப்பு மணிப் பலகையிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயரை ஒட்ட வேண்டும், தபால்காரர் அதைப் பார்த்துத்தான் போடுவார். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் கணவர் முன்னால் வந்து வீடு பிடித்தார், வீட்டு உரிமையாளரிடம் கை கொடுத்து 'நான் செந்தில்' என்று சொல்லியிருக்கிறார், மனிதன் வேறு எப்படிச் சொல்வான்? அவரும் நல்லபடியாக 'செந்தில்' என்று அச்சடித்து மாட்டிவிட்டார். ஆனால் பாஸ்போர்ட்டில் அவருடைய குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது ராஜாமணி, என் மாமனார். என்னுடையதில் முத்துவேல். ஆக ராஜாமணிக்கு வந்த கடிதமும் திரும்பிப் போனது, முத்துவேலுக்கு வந்த கடிதமும் திரும்பிப் போனது. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், பதிந்தோம். அதற்கப்புறம் 11 இலக்க வரி எண் தபாலில்தான் வரும். வங்கி அட்டை தனியாக, அதன் ரகசிய எண் தனியாக, அதுவும் தபாலில்தான் வரும். ஐந்து வாரம் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன், விளம்பரத் தாள் தவிர ஒன்றும் இல்லை. வரி எண் தராவிட்டால் ஆறாவது வரி வகுப்பில், அதாவது இருப்பதிலேயே அதிகமான பிடித்தத்தில், சம்பளம் போடுவோம் என்று கணக்குப் பிரிவு ஒரு பக்கம். கடைசியில் வங்கிக்கு நேரில் போனால், ஒரு பழுப்பு உறையை எடுத்துக் காட்டுகிறார்கள். மேலே ஒரு முத்திரை, அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று. அந்த முகவரியில்தான் நான் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன்!

மகள் கதை இன்னும் மோசம். ஆதிராவின் குடும்பப் பெயர் செந்தில். அப்பா பெயர்தானே போடுவோம், அதைத்தான் போட்டோம். இப்போது ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். மழலையர் பள்ளியில் முதல் நாள் கூட்டிப்போக வந்தபோது அங்கிருந்த பெண் என்னைப் பட்டியலில் தேடுகிறார், குழந்தை செந்தில், நீங்கள் முத்துவேல், நீங்கள் யார்? குழந்தை என் காலைக் கட்டிக்கொண்டு 'அம்மா' என்கிறது, அது போதவில்லை. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். பாதுகாப்புக்காகக் கேட்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது, அந்த எச்சரிக்கையில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மொழிபெயர்ப்பிலும் 'அம்மா: மு. கயல்விழி' என்று இருந்ததால், 'மு' என்பது முத்துவேல்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்களே, அங்கேதான் எனக்கு நிஜமாகவே பொறுமை போய்விட்டது. என் பட்டச் சான்றிதழிலும் 'கயல்விழி எம்' என்றுதான் இருக்கிறது. 'எம்' என்பது இரண்டாவது பெயரா என்று கேட்டு, அந்த ஒற்றை எழுத்தால் என் கல்விச் சான்று ஒரு மாதம் கிடப்பில் கிடந்தது.

சரி, வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். நம் ஆட்கள் சொல்லும் அறிவுரைதான் வயிற்றெரிச்சல். 'பாஸ்போர்ட் எடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டாமா?' என்ன யோசிக்க வேண்டும்? குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக விட்டால் ஒரு தொல்லை, அப்பா பெயரைப் போட்டால் ஒரு தொல்லை. காலியாக விட்ட என் தோழி ஒருத்தி அமெரிக்கா போனாள். அவளுடைய பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று விசாவில் அச்சடித்தார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் இருக்கும்போதே, தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். அவளை ஒரு அலுவலகத்தில் 'ஃப்னூ' என்று கூப்பிட்டார்களாம்.

இன்னொரு வகை ஆள் இருக்கிறார். இந்தியர்தான், வேறு மாநிலம், சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே 'முத்துவேல் அப்பா பெயர், சரி, உங்கள் உண்மையான குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கிறவர். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து ஆளை எடை போடுவதற்கு. எங்களிடம் அந்த ஒட்டு ஏன் இல்லை? தானாக உதிர்ந்துவிடவில்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பெரியாரே தன் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை எறிந்தார். என் தாத்தா காலத்துப் பத்திரங்களில் அந்த வால் இருக்கிறது, அப்பா பெயரில் இல்லை, என் பெயரில் இல்லை, என் மகள் பெயரில் வராது. அதை விட்டதை நான் பெருமையாக நினைக்கிறேன். அதைப் போய் ஒரு படிவத்துக்காக, ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக, 'பேசாமல் பழைய பட்டத்தையே குடும்பப் பெயராகப் போட்டுவிடு, எல்லாருக்கும் ஒரே பெயராக இருக்கும்' என்று ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னார் பாருங்கள், அன்றைக்கு இருந்து அவரிடம் பேசுவதில்லை.

இதெல்லாம் நம் ஒருவருக்குத்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்தில் இன்று வரை பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், தொலைபேசிப் புத்தகத்தில்கூட சொந்தப் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். 1980இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் அவர்களுக்கு விக்டிஸ்தான், ஃபின்போகியின் மகள் என்பது அவர் யார் வீட்டுப் பெண் என்ற விவரம், அவ்வளவுதான். நம் விசுவநாதன் ஆனந்த் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவர், அவரையே உலகம் 'விஷி' என்று அப்பா பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. மலேசியத் தமிழர்கள் அடையாள அட்டையில் மகன், மகள் என்பதற்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சாய்கோடு போட்டு எழுதி, அந்தச் சாய்கோட்டை ஏற்காத இணையப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்றது. அப்புறம் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், முடியாது என்று சொல்வதற்கு ஒரு காரணமும் கிடையாது. பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே விதி வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 எண் ஆவணம், பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் முழுப் பெயரையும் ஒரே பகுதியாகப் போடலாம் என்கிறது. அவ்வளவு பெரிய விதி ஏற்றுக்கொள்கிறதை, ஒரு வங்கியின் இணையப் படிவம் சிவப்பு எழுத்தில் 'இந்தக் கட்டத்தை நிரப்பவும்' என்று மறுக்கிறது. ஜெர்மனியே 2025 மே 1 முதல் தன் பெயர்ச் சட்டத்தை மாற்றியிருக்கிறது. வடக்கே இருக்கும் ஃப்ரீசிய இன மக்கள், அவர்களுடைய மரபுப்படி, அப்பா அல்லது அம்மாவின் சொந்தப் பெயரிலிருந்து குழந்தைக்குக் குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளலாம். நான் இதை ஒரு அலுவலகத்தில் சொன்னபோது அந்த அதிகாரி ஆச்சரியமாகப் பார்த்தார், ஓ, அப்படியென்றால் நீங்கள் ஃப்ரீசியர்கள் மாதிரி என்றார். ஏழு மாதத்தில் ஒருவர் புரிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான், அவர் முதல் ஆளாக 'ஃப்ராவ் கயல்விழி' என்று எழுதிக் கொடுத்தார், உச்சரிக்கத் தெரியாமல் இரண்டு முறை கேட்டு எழுதினார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன மாதம் நானே ஒரு வெள்ளைத் தாளில் செந்தில், ராஜாமணி, முத்துவேல், கயல்விழி என்று நாலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மழையில் நனையாமல் நெகிழித் தாள் சுற்றித் தபால் பெட்டியிலும் மணிப் பலகையிலும் ஒட்டினேன். அன்றிலிருந்து ஒரு கடிதம் திரும்பவில்லை. நேற்று வீட்டு உரிமையாளர் கதவைத் தட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான் வழக்கம், கையால் எழுதி ஒட்டுவது பார்க்க நன்றாக இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அச்சடித்து மாட்டுகிறேன் என்றார். நாலையும் அச்சடித்துத் தாருங்கள், செலவை நான் தருகிறேன் என்றேன். இடம் போதாது என்கிறார். அவர் கிழித்தால் மறுபடி எழுதி ஒட்டுவேன்.