மூன்று தடம் இருந்தால் போதுமா?
பலேடியக் கலத்தில் தியூத்தீரியம் (பாரமான ஐதரசன்) அணுக்கருக்கள் இணைகின்றன என்று வாதிடும் இந்தக் கட்டுரையில் ஓர் இடம் உறுத்துகிறது. துகள்கள் பட்ட தடத்தைப் பதியும் சீஆர்-39 பிளாஸ்திக்கில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று தடங்கள் பிரிவதால், 9.6 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட சக்தியுள்ள நியூத்திரன் பிளாஸ்திக்கிலுள்ள காபன் அணுக்கருவை மூன்று அல்பாத் துகள்களாக உடைத்தது உறுதி என்று கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. இரண்டு தியூத்தீரியம் இணைந்தால் வரும் நியூத்திரனுக்கே 2.45 மெகா இலத்திரன்வோல்ற்றுதான், அப்புறம் மிச்சச் சக்தி எங்கிருந்து? அதே இணைவில் பிறக்கும் திரித்தியம் (இன்னும் பாரமான ஐதரசன்) இன்னொரு தியூத்தீரியத்தோடு மோதி 14 அளவிலான நியூத்திரன் வந்தது என்றால், அந்த 2.45 நியூத்திரன்கள் அதைவிடப் பல மடங்கு தெரிய வேண்டுமே. மேலே கருத்திட்ட ஒருவர் எல்லாம் காற்றிலுள்ள ரேடன் என்ற கதிரியக்க வாயு விட்ட தடங்கள் என்று முடித்துவிட்டார், சரி, யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த ஆய்வுகூடத்தில் சும்மா மேசையில் கிடந்த சீஆர்-39 துண்டை, தடங்களை அரித்துக் காட்டும் சூடான சோடியம் ஐதரொட்சைட்டில் போட்டாலும் குழிகள் தெரியும், ஆனால் அவை பெரும்பாலும் தனித்தனிக் குழிகள், மும்மைத் தடத்துக்கு அந்தப் பதில் போதாது. பலேடியம் இல்லாத கலத்தில் அதே நாட்கள் வைத்த துண்டின் எண்ணிக்கையைப் பக்கத்தில் போட்டிருந்தால் பேசலாம்.